விண்டோஸ் 11: அக்காவின் கை பழகிய கதை

"தம்பி, ஸ்டார்ட் பட்டனைக் காணோம்!"

தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது எங்கள் டிடிபி கடையில் வேலை இப்படித்தான் ஆரம்பித்தது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டதால், முந்தின ராத்திரி நான்தான் சிஸ்டத்தை 11-க்கு ஏற்றினேன். ஏற்றியதை அக்காவிடம் சொல்லவில்லை. இருபது வருஷமாக எங்களிடம் டைப் அடிப்பவர். ஸ்டார்ட் என்றால் அவர் கை பார்க்காமலே இடது கீழ்மூலைக்குப் போகும். அங்கே இப்போது வானிலை உட்கார்ந்திருந்தது. தப்பு என்னுடையது. கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்திருக்கும் வாரத்தில் யாரும் இதைச் செய்யாதீர்கள். செய்துவிட்டு மனசு மாறினால், செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரியில் 'கோ பேக்' இருக்கிறது. பத்து நாளுக்குத்தான் செல்லும்.

முதலில் அந்த மூலையைச் சரிசெய்யுங்கள். திரையின் அடியில் இருக்கும் பட்டையான டாஸ்க்பாரில் வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து டாஸ்க்பார் செட்டிங்ஸ் திறந்தால், கடைசியில் 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' இருக்கும். அதில் அலைன்மென்ட்டை லெஃப்ட் ஆக்கினால் ஸ்டார்ட் பழைய இடத்துக்கு வந்துவிடும். அதே பக்கத்தில் விட்ஜெட்ஸையும் அணைத்துவிட்டால் வானிலை போய்விடும்.

அங்கேயே இன்னொன்று: பட்டன்களை ஒன்றாகச் சேர்ப்பதை 'நெவர்' ஆக்குங்கள். நாலு கல்யாணப் பத்திரிகை திறந்திருக்கும்போது நாலும் ஒரே ஐகானுக்குள் ஒடுங்கிவிட்டால், எது யார் வீட்டுப் பத்திரிகை என்று எப்படித் தெரியும்? 2021-ல் 11 வெளிவந்தபோது இந்த வசதியையே எடுத்திருந்தார்கள். உலகம் முழுக்கத் திட்டு வாங்கி, 2023-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். ஃபைலை இழுத்து டாஸ்க்பார் ஐகான்மேல் விடுவதும் அப்படித்தான், 2022-ல் திரும்பியது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் முதலில் அப்டேட் போட்டுவிட்டுத் தேடுங்கள்.

எங்களுக்கு நிஜமான தலைவலி ரைட் கிளிக். வாடிக்கையாளர் பென் டிரைவை நீட்டினால் ரைட் கிளிக், 'சென்ட் டூ', முடிந்தது வேலை. புது மெனு சுருக்கமானது. 'சென்ட் டூ' அதில் இல்லை, 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்ற வரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு கிளிக் கூடுதல் என்றால் சாயங்காலத்துக்குள் எத்தனை ஆகும்! ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரைட் கிளிக் செய்யுங்கள், பழைய மெனு நேராக வந்துவிடும். அக்காவுக்கு இதைக் காட்டிய பிறகுதான் முகத்தில் சிரிப்பே வந்தது. பெயர் மாற்ற எஃப்2 இருக்கவே இருக்கிறது.

இதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். மொத்தத் தோற்றத்தையும் 10 மாதிரி ஆக்குகிறேன் என்று ஒரு இலவச மென்பொருளைப் போட்டேன். இரண்டு வாரம் ஜோராக ஓடியது. ஒரு மாதாந்தர அப்டேட்டுக்கு மறுநாள் காலை டாஸ்க்பாரே இல்லை, வெறும் திரை. அப்படி மாட்டிக்கொண்டால் பதறாமல் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'ரன் நியூ டாஸ்க்' போய் 'கன்ட்ரோல்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் கன்ட்ரோல் பேனல் திறக்கும், அங்கிருந்து அந்த மென்பொருளை நீக்கலாம். டாஸ்க்பார் வராவிட்டால் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

மிச்சத்தைக் கீபோர்டிடம் விட்டுவிட்டோம். பட்டன்கள்தான் இடம் மாறியிருக்கின்றன, கீக்கள் அப்படியே இருக்கின்றன. விண்டோஸ் கீயோடு இ அழுத்தினால் ஃபைல்கள், டி அழுத்தினால் டெஸ்க்டாப். 1 அழுத்தினால் டாஸ்க்பாரில் முதலாவதாகப் பொருத்திவைத்த ('பின்' செய்த) மென்பொருள் திறக்கும், எங்களுக்கு அது டிசைன் போடும் கோரல்டிரா. ஸ்பேஸ் அழுத்தினால் தமிழும் ஆங்கிலமும் மாறும். புதிதாக வந்ததில் ஒன்றே ஒன்று கற்றுக்கொண்டோம்: வைஃபை, சவுண்ட் எல்லாம் ஒரே பட்டனுக்குள் போய்விட்டதால் விண்டோஸ் கீயோடு ஏ. இவற்றை ஸ்டிக்கர் தாளில் பிரின்ட் எடுத்து மானிட்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறோம்.

இரண்டாவது சிஸ்டத்தில் இருப்பது ஆறாம் தலைமுறை இன்டெல் பிராசஸர், 11-க்குத் தகுதி இல்லை, 10-லேயே ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிந்துவைத்திருக்கிறேன், அது 2026 அக்டோபர் 13 வரை வரும். ஷிஃப்ட் பழகியதால் அக்கா இப்போது அதிலும் அதை அழுத்தியபடியேதான் ரைட் கிளிக் செய்கிறார்.