மட்டி ஓடு, கொட்டாங்குச்சி, ஒரு தட்டு மணல்: மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டுக் கற்றல்

மாண்டிசோரி கல்விமுறை என்றதும் மரச் சாமான் செட்டின் விலையைப் பார்த்துவிட்டு ‘இது நமக்கில்லை’ என்று ஒதுங்குபவர்கள் நம் பக்கம் அதிகம். ஆனால் அந்த முறையை உருவாக்கிய இத்தாலியப் பெண்மணி மரியா மாண்டிசோரி 1907-ல் தன் முதல் பள்ளியைத் தொடங்கியது ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். பிள்ளை தானே தேர்ந்தெடுத்துக் கையால் செய்யட்டும், பெரியவர்கள் இடத்தைத் தயார் செய்துவிட்டுக் கவனிக்கட்டும் என்பதுதான் அவருடைய வழியின் அடிப்படை. அதற்கு வேண்டிய சாமான் நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊரிலிருந்து தொண்டி வரை கடற்கரையிலேயே கிடக்கிறது.

1. முதலில் சும்மா பாருங்கள்

சில நாள் பிள்ளை எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறது என்று கவனியுங்கள். ஊற்றுகிறதா, டப்பாவுக்குள் போட்டுப் போட்டு எடுக்கிறதா, வரிசையாக அடுக்குகிறதா? அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஊற்றிக்கொண்டே இருக்கும் பிள்ளையை உட்காரவைத்து அடுக்கச் சொன்னால் அது எழுந்து ஓடிவிடும்.

2. சாமான் சேர்ப்பது

மட்டி ஓடு (கடல் சிப்பி ஓடு), கொட்டாங்குச்சி, பனங்கொட்டை, ஓலைக் கொட்டான் (சின்ன ஓலைப் பெட்டி), சலித்த மணல். இவ்வளவு போதும். ஓடுகளை வெந்நீரில் கொதிக்கவைத்துக் காயவிடுங்கள். கூரான விளிம்பைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்துவிடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே என்றால் வாய்க்குள் போகும் அளவில் எதுவும் கூடாது.

பவளப்பாறைத் துண்டு மட்டும் வேண்டாம். செத்துக் கரை ஒதுங்கியதானாலும் எடுக்கக்கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பவளம் வருகிறது. சில சங்கு, சோழி வகைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. மட்டி ஓட்டோடு நின்றுகொண்டால் தொல்லையே இல்லை.

3. இடம்

தரையில் ஒரு பாய். பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இரண்டு மூன்று தட்டுகள், ஒரு தட்டுக்கு ஒரு வேலை. பத்து சாமானைக் கொட்டி வைத்தால் எதிலும் மனம் நிற்காது.

4. ஒரு முறை செய்து காட்டுங்கள்

ஒரு கொட்டாங்குச்சி நிறைய மணல், பக்கத்தில் ஒரு காலிக் கொட்டாங்குச்சி, இரண்டையும் ஒரு தாம்பாளத்துக்குள் வையுங்கள். மெதுவாக ஊற்றிக் காட்டுங்கள். அப்போது பேசாதீர்கள், பேசினால் பிள்ளை உங்கள் வாயைத்தான் பார்க்கும். காட்டி முடித்ததும் தட்டைப் பிள்ளை பக்கம் தள்ளிவிடுங்கள்.

5. கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

இதுதான் கஷ்டமான படி. பக்கத்தில் அப்பத்தா இருந்தால் இன்னும் கஷ்டம். “அப்படி இல்லய்யா, இப்படி ஊத்து” என்று ஒரு வார்த்தை விழுந்தால் போதும், பிள்ளை வேலையை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். சிந்தினால் திட்ட வேண்டாம். சின்னத் துடைப்பம் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். கூட்டுவதும் பிள்ளைக்கு ஒரு வேலைதான், பெரும்பாலும் ஊற்றுவதைவிடப் பிடித்த வேலை.

ஓடுகளைப் பெரிது, சிறிது என்று பிரிக்கக் கொடுத்திருப்பீர்கள். பிள்ளை வேறு ஏதோ கணக்கில் பிரித்து வைத்திருக்கும். திருத்தும் முன் உற்றுப் பாருங்கள். ஓட்டை உள்ளது ஒரு பக்கம், இல்லாதது ஒரு பக்கம் என்று இருக்கலாம். கரையில் பொறுக்கிய மட்டி ஓடுகள் சிலவற்றில் துளைபோட்டது போல வட்டமாக ஓட்டை இருக்கும். கடல் நத்தை ஒன்று மட்டியின் ஓட்டில் துளை போட்டு உள்ளே இருந்த சதையைத் தின்றதன் அடையாளம் அது. “இது யாரு போட்ட ஓட்டை?” என்று பிள்ளை கேட்டால் அன்றைய பாடம் அதுதான். அதை விட்டுவிட்டு மறுபடி பெரிது, சிறிதுக்கு இழுக்காதீர்கள்.

6. அடுத்தது

ஒரு தட்டை இரண்டு மூன்று நாள் தொடவில்லை என்றால் பேசாமல் மாற்றிவிடுங்கள். சித்திரை வெயிலில் ஒரு எவர்சில்வர் தட்டில் கடல் தண்ணீரை ஊற்றி மாடியில் வைக்கலாம். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். தண்ணீர் வற்ற வற்ற விளிம்பில் வெள்ளை படிவதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். பிறகு வாலிநோக்கம் உப்பளப் பக்கம் போகும்போது விளக்கம் தேவைப்படாது. ஒன்று மட்டும்: தண்ணீர் வேலை எதுவானாலும், வாளித் தண்ணீரே ஆனாலும், பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

“சரி, அ, ஆ எப்போ?” என்று வீட்டில் கேட்பார்கள். ஊற்றுவதும் பொறுக்குவதும் கூட்டுவதுமாக விரலுக்குப் பிடி வந்த பிறகு, பிள்ளை தானாகக் கேட்கும்போது, அதே மணலைத் தட்டில் பரப்பி அதன் பெயரின் முதல் எழுத்தை விரலால் எழுதிக் காட்டுங்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் மணலில்தான் எழுதிப் பழகினார்கள். தப்பாகப் போனால் தட்டை ஒரு குலுக்கு குலுக்கினால் போதும், ரப்பர் தேவையில்லை.