ஆடிப்பெருக்குக் கூட்டு விருந்துக்கு மக்காச்சோளத் தொடுகறியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஆடிப் பதினெட்டு அன்று நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து காவிரிக் கரையில் உண்பதென்றால், கலந்த சாதங்களை யார் யார் கொண்டுவருவது என்பது பெரும்பாலும் முன்கூட்டியே முடிவாகிவிடும். புளியோதரை ஒரு வீட்டுக்கு, எலுமிச்சை சாதம் இன்னொரு வீட்டுக்கு, தேங்காய் சாதமும் தயிர் சாதமும் மற்ற வீடுகளுக்கு என்று வயதில் மூத்தவர் ஒருவர் பிரித்துக் கொடுத்துவிடுவார். எஞ்சி நிற்பது தொட்டுக்கொள்ள என்ன என்ற கேள்விதான். அப்பளம், வடாம், மோர் மிளகாய் ஆகியவற்றோடு இப்போது பல வீடுகளில் ஸ்வீட் கார்னும் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. குழந்தைகள் விரும்பி உண்பார்கள், விரைவில் வெந்துவிடும். ஆயினும், வீட்டில் சுடச்சுட நன்றாக இருக்கும் சோள உணவெல்லாம் படித்துறைக்குப் பொருந்திவிடாது. மற்றவர்கள் என்னென்ன கொண்டுவருகிறார்கள், அடுப்பிலிருந்து இறக்குவதற்கும் இலையில் பரிமாறுவதற்கும் இடையே எத்தனை மணி நேரம் ஆகும் என்ற இரண்டையும் கேட்டறிந்த பிறகே எதைச் செய்வதென்று தீர்மானிக்க வேண்டும்.

முதலில் சாத வகைகளை விசாரியுங்கள். புளியோதரையே முதன்மையானதாக இருந்தால், அதன் புளிப்பையும் காரத்தையும் தணிக்கும்படி, தேங்காய் சேர்த்த, காரம் குறைந்த சோளச் சுண்டல் பொருத்தமாக இருக்கும். எலுமிச்சை சாதம் வருகிறதென்றால் சோளத்திலும் எலுமிச்சை பிழிவது வீண். ஒரே புளிப்பு இரண்டு இடத்தில் வந்து இரண்டையும் மங்கச் செய்துவிடும். தேங்காய் சாதத்துக்கு மிளகு, சீரகம் தூக்கலாக உள்ள சோளப் பொரியல் நன்று. தயிர் சாதத்துக்கோ மொறுமொறுப்பும் காரமும் வேண்டும். அங்கே சுண்டலைவிட வடைதான் எடுபடும். சர்க்கரைப் பொங்கல் எப்படியும் இருக்கும் என்பதால், சோளத்தில் பாயசம், அல்வா என்று இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். மக்காச்சோளம் காய்கறியைப் போலத் தோன்றினாலும் அதிலிருப்பது பெரும்பாலும் மாவுச்சத்துதான். நான்கு வகைச் சாதத்துக்குப் பக்கத்தில் சோளத்தை மட்டும் வைத்தால், மாவுச்சத்தின் மேல் மாவுச்சத்தையே பரிமாறுகிறோம். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் இல்லாத கூட்டம் இன்று அரிது. ஆகவே, சோளம் பாதி, வேகவைத்த பாசிப்பயறு அல்லது கொண்டைக்கடலை பாதி என்று கலப்பதையே நான் பரிந்துரைப்பேன். சோளத்தின் இனிப்பைப் பயறு சற்று மட்டுப்படுத்துவதால் சுவையும் கூடுகிறது.

ஆடிப்பெருக்கு உணவு முதலில் காவிரித் தாய்க்குப் படைக்கப்படுவது என்பதால், காப்பரிசியோடும் சித்ரான்னத்தோடும் வைக்கப்படும் தொடுகறியிலும் வெங்காயம், பூண்டு சேர்க்காமல் இருப்பதே பல வீடுகளின் வழக்கம். காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகும்போது இந்தக் கட்டுப்பாடு அவ்வளவாக இருப்பதில்லை. படைப்பதற்கு முன் ருசி பார்க்கக் கூடாது என்பவர்கள் உப்பை அளந்து போட்டாக வேண்டும். உதிர்த்த முத்தும் பயறும் சேர்ந்து 1 கிலோ இருந்தால், தலை தட்டிய 2 தேக்கரண்டித் தூளுப்பு போதும். குறைந்தால் அங்கே தூவிக்கொள்ளலாம், கூடினால் வழியில்லை.

இனி கதிரைப் பற்றி. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்திலிருந்து வரும் மூத்த மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போவது. அதன் உலர்ந்த மணிகளை இரவு முழுவதும் ஊறவைத்துக் குக்கரில் பல விசில் விட்டாலும் தோல் மெல்லக் கடினமாகவே இருக்கும். நமக்கு வேண்டியது பால் பருவத்தில் பறித்த இனிப்பு வகை. மட்டை பசுமையாகக் கதிரோடு இறுகியிருக்க வேண்டும். நுனிக் குஞ்சம் பழுப்பேறியிருப்பது நல்லதே. கறுத்துப் பிசுபிசுத்திருந்தால் விட்டுவிடுங்கள். கடைக்காரர் அனுமதித்தால் நுனி மட்டையைச் சற்று விலக்கி ஒரு முத்தை நகத்தால் கீறிப் பார்க்கலாம். பால்போல் வந்தால் சரியான பதம். தெளிந்த நீராக வந்தால் இளசு. மாவாக வந்தால் முற்றிவிட்டது. பறித்த நேரத்திலிருந்தே இதிலுள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்குகிறது, வெப்பத்தில் அந்த மாற்றம் இன்னும் விரைவாக நடக்கிறது. எனவே, தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ முதல் நாள் மாலைச் சந்தையில் வாங்குகிறவர்கள் மட்டையை உரிக்காமல் அப்படியே குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். நல்ல கதிர் கிடைக்காவிட்டால் உறைநிலையில் விற்கும் உதிர்த்த முத்தே மேல். வாடிய கதிரைவிட அதில் இனிப்பு மிகுதி, உரிக்கும் வேலையும் இல்லை.

படித்துறைக்கு என் முதல் தேர்வு சுண்டல்தான். கதிரை முழுதாக இட்லிப் பானையில் 8 முதல் 10 நிமிடம் ஆவியில் வேகவைத்து, ஆறிய பின் முத்துகளை உதிர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் போட்டு வேகவைத்தால் முத்து நீரை ஏந்திக்கொள்கிறது. அந்த ஈரமே பிறகு சுண்டலைச் சொதசொதப்பாக்குகிறது. உறைந்த முத்தாக இருந்தால் கொதிநீரில் 3 நிமிடம் வைத்து வடிகட்டி, வெள்ளைத் துணியில் பரப்பி ஈரத்தை வாங்கிவிட வேண்டும். இதுவரையிலான வேலையை முதல் நாள் இரவே முடித்துக் குளிரில் வைத்துவிடலாம். மறுநாள் காலையில், தனியா, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல் மூன்றையும் வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்துக்கொண்டு, கிளம்புவதற்குச் சற்று முன்பாக நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, சோளத்தையும் பயறையும் கொட்டி, ஆவி நன்றாகப் பறக்கும்வரை பெரிய தீயில் கிளறி, இறக்கும்போது உப்பையும் பொடியையும் சேர்க்க வேண்டும். எஞ்சிய ஈரத்தை இந்தப் பொடி உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் இதைத் தவிர்க்க வேண்டாம். தேங்காய்த் துருவலை வெறும் வாணலியில் நிறம் மாறாமல் ஈரம் போக வறட்டித் தனிச் சம்படத்தில் எடுத்துச் சென்று பரிமாறும்போது கலக்கலாம். பச்சைத் துருவலைக் காலையிலேயே கலந்தால் மதியத்துக்குள் ஊசிப்போன வாடை வர வாய்ப்புண்டு.

எப்படி எடுத்துச் செல்வது என்பதில் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3-ஆம் நாளில் வருவது. மயிலாடுதுறை துலாக் கட்டத்திலோ ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்திலோ அன்று கூட்டத்தைக் கடந்து, பூசை முடித்து, உட்கார இடம் பிடிப்பதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிடும். சமைத்த உணவை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெப்பநிலை 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் என்று அமெரிக்க வேளாண்துறையின் உணவுப் பாதுகாப்பு வழிகாட்டுதல் கூறுகிறது. புளியோதரை தாக்குப்பிடிப்பது அதிலுள்ள புளி, உப்பு, எண்ணெய் ஆகியவற்றின் துணையால். சோளத்துக்கு அந்தத் துணை இல்லை. ஒன்று, கொதிக்கக் கொதிக்க ஹாட்பேக்கில் போட்டு, நீராவி சொட்டாதபடி மூடிக்கு அடியில் மடித்த துணி வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். அல்லது முற்றிலும் குளிரவைத்துப் பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுபோக வேண்டும். இரண்டுக்கும் நடுவிலான வெதுவெதுப்புத்தான் ஆபத்தானது.

வடை செய்பவர்கள் கடலைப்பருப்பை 2 மணி நேரம் ஊறவைத்துக் கெட்டியாக, நீர் தெளிக்காமல் அரைத்து, பருப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மட்டும் சோளம் சேர்க்க வேண்டும். சோளம் பால் விட்டு மாவைத் தளர்த்தும். அப்போது ஒரு கைப்பிடி அரிசி மாவு கைகொடுக்கும். முத்தில் பாதியை அரைத்தும் பாதியை முழுதாகவும் சேர்த்தால், பல் பழுதான தாத்தா பாட்டிகளும் தோல் இடுக்கில் மாட்டிக்கொள்ளும் தொல்லையின்றி உண்ணலாம். ஆனால் மொறுமொறுப்பு மதியம்வரை நிற்காது. வீடு திருவையாற்றிலேயே இருந்து, புஷ்ய மண்டபப் படித்துறை நடை தூரம் என்றால் வடை செய்யலாம். வேனில் வருகிறவர்கள் சுண்டலோடு நின்றுவிடுவது நல்லது.

கோசுமல்லி விரும்புகிறவர்கள் ஊறிய பாசிப்பருப்பு, வெள்ளரி, வேகவைத்த சோளம் ஆகியவற்றைக் குளிரவைத்துத் தனித்தனியே கொண்டுபோய் அங்கேயே உப்புச் சேர்த்துக் கலக்க வேண்டும். உப்புப் பட்ட வெள்ளரி நீர் விடும். குருமா, சீஸ், மயோனைஸ் சேர்த்த வகைகள், வெண்ணெய் உருக்கி ஊற்றிய கப் கார்ன் ஆகியவற்றை வீட்டு விருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கதிரைச் சுட்டுக் கொடுப்பது குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் தின்று முடித்த சக்கைகளைச் சேர்க்கத் தனிப் பை ஒன்று கொண்டுபோகாவிட்டால் அவை ஆற்றுக்குத்தான் போகும். உரித்த பச்சை மட்டையை வீட்டிலேயே மாட்டுக்குப் போட்டுவிடலாம்.

அளவு பற்றிய சந்தேகம் எல்லோருக்கும் வருவது. தொடுகறி என்ற அளவில் ஒருவருக்கு 60 முதல் 70 கிராம் தாராளம். நடுத்தரக் கதிர் ஒன்றில் ஏறத்தாழ 100 கிராம் முத்து உதிரும். 20 பேருக்குப் பாதிக்குப் பாதி பயறு கலந்த சுண்டல் என்றால் 7 கதிர்கள் போதும், வெறும் சோளம் என்றால் 14 வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதால் காகிதத் தட்டுகளை நம்ப வேண்டாம். சாதத்தை வாழையிலையிலும் சுண்டலை ஆழமான தொன்னையிலும் பரிமாறுங்கள், நீளமான கைப்பிடியுள்ள ஒரு கரண்டியை மறக்காமல் அதே பையில் போட்டுக்கொள்ளுங்கள்.