எதை முதலில், எதை இறுதியில்: வீட்டுச் சமையலில் வரிசை தவறும் இடங்கள்

"இன்றைக்கு வீட்டில் ஒன்றுமில்லை" என்று சொல்லும் வன்னி வீட்டுக் குசினிக்குள் போய்ப் பாருங்கள். வளவில் முருங்கை நிற்கும். வேலியில் பூசணி படர்ந்திருக்கும். அரை மூட்டை அரிசியும், போத்தலில் பழப்புளியும், சரையில் கொஞ்சம் நெத்தலிக் கருவாடும், தேங்காய் ஒன்றும் இருக்கும். நால்வர் மதியம் வயிறாரச் சாப்பிட இவை போதும். ஆனாலும் கறி ருசிக்கவில்லை என்றால், பொருள் குறைந்ததை விட அவற்றைச் சட்டியில் இட்ட வரிசை பிழைத்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

வரிசைப் பிழை அடுப்பு மூட்டுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. என்ன கறி என்பதை முதலில் முடிவு செய்து, பிறகு அதற்கான பொருளைத் தேடுவது பலரின் வழக்கம். ஒரு கட்டு லீக்ஸுக்காகச் சந்திக்குப் போய்த் திரும்புவதற்குள் காலையில் பறித்த கீரை வாடிப் போகும். இருப்பவற்றில் எது முதலில் கெடும் என்று பார்ப்பதே சரியான தொடக்கம். மீன் வந்திருந்தால் மீன், அடுத்தது கீரை, அதற்கடுத்தது வெட்டிய காய். முழுப் பூசணி மாதக் கணக்கில் இருக்கும். வெட்டிவிட்டால் விதைப்பக்கம் சில நாட்களிலேயே வழுவழுக்கத் தொடங்கும். வெட்டியவுடன் விதையையும் நாரையும் சுரண்டி எடுத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் தாங்கும்.

இன்னொரு பிழை, எல்லாக் கறிக்கும் ஒரே தூள். கத்தரிக்காய்க்கும் தூள், பருப்புக்கும் தூள், பூசணிக்கும் தூள் என்றால் மூன்று கறி வைத்தும் ஒரு கறி சாப்பிட்டது போலத்தான் இருக்கும். ஒன்றைத் தூள் போட்டுப் புளிவிட்டும், ஒன்றைப் பால்கறியாகவும், ஒன்றை வறையாகவும் வைத்தால் அதே காய்களே வேறு சாப்பாடாகிவிடும். தூளைக் கொதிக்கும் எண்ணெயில் நேரே கொட்டுவதையும் விட்டுவிடுங்கள். நம்முடைய தூள் ஏற்கெனவே வறுத்து அரைத்தது. சூடான எண்ணெயில் கண்மூடித் திறப்பதற்குள் கருகிக் கசக்கும். காயோடு இரண்டாம் பாலோ தண்ணீரோ சேர்ந்த பிறகு போட்டால் போதும்.

தேங்காய்ப்பால்தான் அதிகம் பிழைக்கும் இடம். 2025இன் தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியதைப் பார்த்தவர்களுக்கு, முதற்பாலைத் திரைய விடுவது எவ்வளவு நட்டம் என்று சொல்லத் தேவையில்லை. பாலில் உள்ள கொழுப்புத் துளிகளைப் பிரியாமல் பிடித்து வைத்திருப்பவை அதிலுள்ள புரதங்கள். கடுங்கொதி வந்தால் அந்தப் புரதங்கள் திரண்டுவிடுகின்றன, கொழுப்பு தனியே மிதக்கிறது. புளிப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆகவே சொதிக்கு வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் இரண்டாம் பாலில் அல்லது மூன்றாம் பாலில் வேக வேண்டும். முதற்பாலை விட்ட பின் கொதிக்க விடாமல், சட்டியின் ஓரத்தில் சிறு நுரை கட்டும்வரை அகப்பையால் துழாவிக்கொண்டே இருந்து இறக்க வேண்டும். தேசிக்காய்ப் புளி அடுப்பிலிருந்து இறக்கி, ஆவி கொஞ்சம் அடங்கிய பிறகு. பிழிந்து முடித்த கையோடு கொட்டைகளை எடுத்துவிடுங்கள்; கிடந்தால் சொதி கசக்கும்.

எல்லாக் கறியிலும் பால் திரைவதைப் பிழை என்றும் சொல்ல முடியாது. மீன் குழம்பில் எண்ணெய் மேலே தெளிந்து நிற்பது அழகு, சொதியில் அதுவே குறை. பிழிந்த தேங்காய்ப்பூவைக் கோழிக்குப் போடுவதற்கு முன் ஒரு கணம் யோசியுங்கள். முருங்கையிலை வறைக்குப் புதுத் தேங்காய் திருவத் தேவையில்லை. பிழிந்த பூவோடு சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் சேர்த்து முதலில் வதக்கி, இலையைக் கடைசியில் போட்டு, மூடாமல் சில நிமிடம் பிரட்டினால் பச்சை நிறம் மாறாமல் வரும்.

அடுத்தது புளி. காய் வேகுமுன் பழப்புளியைக் கரைத்து விட்டுவிட்டு, அரை மணி நேரம் விறகு தள்ளிய பிறகும் கத்தரிக்காய் விறைப்பாக நிற்கிறது என்று காய் விற்றவரைத் திட்டுபவர்கள் இருக்கிறார்கள். காயின் சதையைப் பிடித்து நிற்கும் பெக்டின் புளிப்பில் எளிதில் இளகுவதில்லை, காரணம் அவ்வளவுதான். பருப்பும் கௌபியும் அப்படியே. முதலில் வேக வைத்து, நசித்துப் பார்த்து, பிறகே புளி. உப்புப் போட்டால் பயறு வேகாது என்ற பயம் மட்டும் தேவையற்றது. ஊறவைக்கும் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டால் பயறு வகைகளின் தோல் இன்னும் சீக்கிரம் இளகும்.

புளியே விடாமலும் கௌபி வேகவில்லையா? கேத்தலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்புபோலப் படிந்திருந்தால் உங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினநீர். அதிலுள்ள கல்சியம் பெக்டினை இறுக்கிப் பிடிக்கிறது. வன்னியில் இப்படிப்பட்ட கிணறுகள் குறைவில்லை. மாரியில் பிடித்து வைத்த மழைநீர் இருந்தால் ஊறவைக்கவும் அவிக்கவும் அதைப் பயன்படுத்தலாம். அப்பச்சோடா போட்டால் சீக்கிரம் வேகும் என்பது உண்மைதான். ஆனால் களியாகி, சவர்க்கார வாடையும் வந்து, உயிர்ச்சத்து பி1உம் போய்விடும். போடத்தான் வேண்டுமென்றால் இரண்டு விரலால் கிள்ளும் அளவு போதும். கூரைத் தகட்டின் கீழ் வெக்கையில் ஆண்டுக் கணக்காகக் கிடந்த பயறு எந்தத் தண்ணீரிலும் இலகுவில் வேகாது. அதை வறுத்து மாவாக அரைத்துவிடுவது நல்லது.

அரிசியிலும் பழசு, புதுசு பார்க்க வேண்டும். காலபோக அறுவடை முடிந்து வரும் புது அரிசிக்குப் பழைய அரிசிக்கு விடும் அளவு தண்ணீர் விட்டால் சோறு குழைந்துவிடும். கொஞ்சம் குறைத்து விடுங்கள்.

குளத்து மீனைப் பலர் "சேற்று மணம்" என்று ஒதுக்குகிறார்கள். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று இத்தனை குளங்கள் இருக்கும் நிலத்தில் இப்படி ஒதுக்குவது எனக்கு ஏற்புடையதல்ல. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று மலிவாகக் கிடைக்கும் நல்ல புரதம். அந்த மணம் மீன் பழுதானதால் வருவதில்லை. நீரில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் தோலிலும் கருஞ்சதையிலும் தங்கிவிடுகிறது. நிறையத் தூள் போட்டு அதை மறைக்க முயல்வதுதான் வழக்கமான பிழை. தூளும் வீண், மணமும் போகாது. ஜியோஸ்மின் புளிப்பில் சிதையும். மீனைச் செதில் போக்கி, வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புச் சவ்வைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்து, கெட்டியான புளிக்கரைசலும் மஞ்சளும் உப்பும் பூசிக் கால் மணி நேரம் வைத்துக் கழுவுங்கள். மணம் இன்னும் உறுத்தினால் தோலையும் உரித்துவிடலாம். மீன் குழம்பில் புளி முதலிலேயே போகலாம். காய்க்குச் சொன்ன விதி இதற்கில்லை. சதை உடையாமல் இறுகி நிற்பது மீனுக்கு நல்லதுதான். அகப்பையை விட்டுக் கிளறாமல் சட்டியைப் பிடித்து ஆட்டுங்கள்.

கருவாட்டுக் கறிக்கு உப்பைக் கடைசியில், ருசி பார்த்த பிறகு மட்டும்.

மரவள்ளியில் நடக்கும் பிழை ருசியோடு நிற்பதில்லை. மரவள்ளிக் கிழங்குக்கு இஞ்சி சேர்க்கக் கூடாது என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அந்தக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிப்பதில் நட்டமில்லை. ஆனால் அதை மட்டும் கடைப்பிடித்துவிட்டுக் கிழங்கை மூடி அவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கவனிக்க வேண்டியது கிழங்கிலேயே இருக்கும் சயனைட்டுச் சேர்மங்களை. தோலைத் தடிப்பாகச் சீவி, துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். வெளிவரும் ஐதரசன் சயனைட்டு சுமார் 26 பாகை செல்சியஸிலேயே ஆவியாகக் கூடியது. மூடியைத் திறந்து வைப்பது அது வெளியேறுவதற்காகத்தான். வாயில் வைத்ததும் கசக்கும் கிழங்கைத் துப்பிவிட்டு, மீதியையும் எறிந்துவிடுங்கள்.

மிஞ்சிய சோற்றில் பலர் பழுதான மணம் வந்ததா என்று மட்டும் பார்க்கிறார்கள். மணம் வராமலும் அது நஞ்சாகியிருக்கலாம். அரிசியோடு வரும் ஒருவகைப் பக்டீரியாவின் வித்துகள் கொதியில் சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றில் மீண்டும் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன, அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மதியம் முழுவதும் பானையில் கிடந்த சோற்றுக்கு இரவில் தண்ணீர் ஊற்றி மறுநாள் பழஞ்சோறு என்று உண்பது நல்லதல்ல. பழஞ்சோறு வேண்டுமென்றால் இரவில் புதிதாக வடித்து, ஆறியவுடன் நீர் ஊற்றுங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் ஒரு வேளைக்கு அளந்து வடிப்பதே நல்லது.

இரவுக்குப் புட்டு இருக்கிறதே. அதில் நடக்கும் பிழை ஒன்றுதான்: தண்ணீரை ஒரேயடியாக ஊற்றுவது. வறுத்த அரிசி மாவோடு அவித்த கோதுமை மாவையும் கலந்து, உப்புப் போட்ட சுடுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அகப்பைக் காம்பால் கிளற வேண்டும். பிறகு சுண்டின் விளிம்பால் கொத்துங்கள். ஒரு பிடியை உள்ளங்கையில் இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உருண்டை நிற்காவிட்டால் இன்னும் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். தட்டியும் உதிராவிட்டால் உலர்ந்த மாவைத் தூவி மறுபடி கொத்துங்கள். நீத்துப்பெட்டியில் அமுக்கி நிரப்பாமல் தளர்வாகப் போட்டு, பானைத் தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகே மேலே ஏற்றுங்கள்.