சந்திரசேகர் எல்லையை வகுப்பறையில் விளக்கும் முறை

மதுரைப் பள்ளியொன்றில் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரைப் பற்றிப் பேச நேர்ந்தால், 1910-இல் லாகூரில் பிறந்ததையும் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்ததையும் இரண்டு வரிகளில் முடித்துவிட்டு, 1930-இல் தம் பத்தொன்பதாம் வயதில் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறியதிலிருந்து தொடங்குங்கள். வெண்குறு விண்மீனின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனின்) நிறைக்கு ஓர் உச்சவரம்பு, அதாவது சந்திரசேகர் எல்லை, உண்டு என்ற அவருடைய புகழ்பெற்ற கணக்கு அந்தப் பயணத்தில்தான் உருவெடுத்தது.

செய்முறைக்கு மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கால் கிலோ மல்லிகை வாங்கினால் போதும் (முகூர்த்த நாளைத் தவிர்ப்பது பணப்பைக்கு நல்லது). மொட்டுகளைச் சிறு கிண்ணத்தில் நிரப்பி, ஒரு மாணவரை உள்ளங்கையால் மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். முதலில் இடைவெளிகள் மறையும். பிறகு மொட்டுகள் எதிர்த்து நிற்கும். மேலும் அழுத்தினால் அவை நசுங்கிச் சாறு கசியும். வெண்குறு விண்மீனில் ஈர்ப்பை எதிர்த்து நிற்பவை எலக்ட்ரான்கள் என்றும், விண்மீனின் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டினால் அந்த எதிர்ப்பு தோற்றுவிடும் என்றும் அப்போது சொல்லுங்கள்.

உவமை இங்கே நின்றுவிடுகிறது என்பதை மறைக்க வேண்டாம். மொட்டுகள் ஒன்றையொன்று தொடுவதால் எதிர்க்கின்றன. எலக்ட்ரான்களோ ஒரே குவாண்டம் நிலையில் (ஆற்றல், தற்சுழற்சி முதலியவை எல்லாம் ஒத்த நிலையில்) இரண்டு இருக்க முடியாததால் எதிர்க்கின்றன. நெருக்கம் கூடக்கூட அவற்றின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குவதால், எதிர்ப்பு ஈர்ப்புக்கு ஈடுகொடுப்பதில்லை.

1935-இல் ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன் இந்த எல்லையை வெளிப்படையாக மறுத்ததையும், 1983-இல் நோபல் பரிசு கிடைத்ததையும் கேள்வி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், எப்படியும் கேட்பார்கள்.