‘கேஸ் குறைஞ்சிருக்கு சார்’: கார் ஏசி வாரண்டியைக் கோட்டை விடும் இடங்கள்

கார் வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகியிருக்காது. சித்திரை வெயிலில் ஏசியைப் போட்டால் வெறும் காற்று வருகிறது. சர்வீஸ் சென்டரில், "கேஸ் குறைஞ்சிருக்கு சார், ஃபில் பண்ணிட்டா சரியாயிடும், ஆனா கேஸுக்கு வாரண்டி கிடையாது" என்கிறார்கள். பணத்தைக் கட்டிவிட்டு வருகிறோம். இரண்டு மாதம் நன்றாகக் குளிர்கிறது, அப்புறம் பழைய கதை. இப்படியே இரண்டு மூன்று முறை கேஸ் அடித்து முடிப்பதற்குள் வாரண்டிக் காலம் ஓடிவிடும். அதற்குப் பிறகுதான் "கூலிங் காயில் லீக், டேஷ்போர்டைக் கழற்றணும்" என்ற செய்தியும், அதற்கான பெரிய பில்லும் வருகின்றன.

இதில் தவறு முதல் நாளே நடந்துவிட்டது. கேஸ் ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஏசி கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீரும் பொருள் அல்ல. கம்ப்ரசர், கன்டென்சர், எக்ஸ்பான்ஷன் வால்வு, கூலிங் காயில் என்ற மூடிய வட்டத்துக்குள் அதே கேஸ்தான் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றுகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் சீல் வழியாகவும் வருடத்துக்குக் கொஞ்சம் கசியும், உண்மைதான். அதனால் ஐந்தாறு வருடம் ஓடிய காரில் கேஸ் குறைந்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்குள் குளிர்ச்சியே போகிற அளவுக்குக் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டை இருக்கும் பாகத்துக்கு வாரண்டி உண்டு. கேஸுக்குத் தனியாக வாரண்டி இல்லை என்பது பெரும்பாலும் சரிதான். ஆனால் வாரண்டியில் ஒரு பாகத்தை மாற்றும்போது அந்த வேலைக்குத் தேவைப்படும் கேஸும் அதில் சேரும் என்று பல கையேடுகளில் எழுதியிருக்கும். உங்கள் கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்துவிட்டுப் போங்கள்.

பானட்டைத் திறந்தால் உள்ளே ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எந்த வகை கேஸ், எத்தனை கிராம் என்று அதில் போட்டிருக்கும். நம் ஊர் கார்களில் பெரும்பாலும் ஆர்134ஏ. புதிய மாடல்கள் சிலவற்றில் ஆர்1234ஒய்எஃப். சிறிய காரில் மொத்தமே அரைக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். இந்த எண் தெரிந்தால் கேட்க வேண்டிய கேள்வி தானாக வந்துவிடும்: "மெஷினில் எத்தனை கிராம் வெளியே எடுத்தீர்கள், எத்தனை கிராம் உள்ளே போட்டீர்கள்?" 450 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 180 கிராம்தான் கிடைத்தது என்றால், அந்த இரண்டு எண்களும் ஜாப் கார்டில், அதாவது நம் புகாரையும் செய்த வேலையையும் சர்வீஸ் சென்டர் எழுதும் தாளில், ஏற வேண்டும். பிற்பாடு "லீக் எல்லாம் இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

லீக் டெஸ்ட் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. "வேக்யூம் போட்டுப் பார்த்தோம், நின்றது, லீக் இல்லை" என்பார்கள். வேக்யூம் என்பது உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது. அப்போது உள்ளுக்கும் வெளிக்கும் இடையே இருக்கும் அழுத்த வித்தியாசம் சுமார் 1 பார்தான் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). வெயில் நேரத்தில் ஏசி ஓடும்போது கன்டென்சர் பக்கம் 15 பாரைத் தாண்டும். 1 பாரில் கசியாத துளை 15 பாரில் தாராளமாகக் கசியும். அதனால் நைட்ரஜனை அதிக அழுத்தத்தில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கேஸோடு யுவி டை (புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம்) கலந்து, சில நாள் ஓட்டிவிட்டு வந்து அந்த விளக்கு அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் மறைந்திருப்பதால், அங்கே கசிவைப் பிடிக்க, வென்ட் பக்கத்திலோ தண்ணீர் வடியும் குழாயிலோ எலக்ட்ரானிக் டிடெக்டரை வைத்துப் பார்ப்பார்கள். லீக்கை அடைப்பதாகச் சொல்லி விற்கும் சீலண்ட் கேனை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஊற்ற விடாதீர்கள். அது எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கலாம், கேஸ் எடுக்கும் மெஷினைக் கெடுக்கலாம். வாரண்டியை மறுக்கவும் நல்ல காரணமாகிவிடும்.

"ஏசி சரியில்லை" என்று எழுதாதீர்கள்

வாரண்டிச் சண்டைகளில் பாதி ஜாப் கார்டிலேயே தோற்றுப்போகிறது என்பது என் உறுதியான எண்ணம். சர்வீஸ் அட்வைசர் "ஏசி செக்கப்" என்று இரண்டு வார்த்தை எழுதுவார், நாமும் கையெழுத்துப் போட்டுவிடுவோம். காலையில் எட்டு மணிக்கு நிழலில் நிறுத்தி ஓட்டிப் பார்த்துவிட்டு "நார்மலாக இருக்கிறது" என்று திருப்பித் தருவார்கள். அவர்கள் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்றில்லை. காலை நேரத்தில் அது நார்மலாகத்தான் இருந்திருக்கும்.

சமையலறைக்கு வாங்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று போதும். உள்காற்றுச் சுழற்சியில் பத்து நிமிடம் ஓட்டியபின் நடு வென்ட்டில் செருகிப் பாருங்கள். நல்ல ஏசி என்றால் வெளி வெயிலைப் பொறுத்து 6 முதல் 12 டிகிரி வரை காட்டும். உச்சி வெயிலில் கொஞ்சம் கூடலாம். பிறகு இப்படி எழுதச் சொல்லுங்கள்: "வெளியே 37 டிகிரி. ஓடும்போது வென்ட்டில் 11. சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் 20." இந்த ஒரு வரி மெக்கானிக்குக்கும் வழிகாட்டும். ஓடும்போது குளிர்ந்து நிற்கும்போது சுட்டால், முன்னால் இருக்கும் ஃபேன் சுற்றவில்லை, கன்டென்சரில் மண் அடைத்திருக்கிறது அல்லது கேஸ் குறைவு என்று முதலில் சந்தேகப்படலாம். காற்று ஜில்லென்று இருந்து அளவு மட்டும் குறைந்தால் கேபின் ஃபில்டரையோ பிளோயரையோ பார்க்க வேண்டும். அந்த ஃபில்டர் நம் செலவு, அதற்கு வாரண்டி கேட்டுப் பயனில்லை. ஒரு பக்கம் ஜில், மறுபக்கம் சூடு என்றால், கேஸ் அளவு சரியாக இருக்கும்பட்சத்தில், உள்ளே காற்றைத் திருப்பிவிடும் கதவின் மோட்டார் மாட்டிக்கொண்டிருக்கலாம். முன்சீட்டுக் காலடியில் தண்ணீர் தேங்குவது பெரும்பாலும் வடிகுழாய் அடைப்புதான், இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

முடிந்தால் கோளாறு தெரியும் நேரத்திலேயே, மதியம் இரண்டு மணிக்கு, வண்டியைக் கொண்டுபோய் அட்வைசரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். வண்டியைத் திரும்ப வாங்கும்போது, சரியாகவில்லை என்றால், "திருப்தி" என்ற இடத்தில் கையெழுத்துப் போடாமல், கோளாறு தொடர்கிறது என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். போனில் சொன்னதை அன்றே ஒரு மின்னஞ்சலாகவும் அனுப்பிவிடுங்கள். வாரண்டி முடிவதற்குள் பதிவான கோளாறு, முடிந்த பிறகு அதே கோளாறாகத் திரும்பினால் உங்களுக்குப் பேச இடம் இருக்கும். வாய்ப்பேச்சுக்கு அந்தப் பலம் இல்லை.

பில்லைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவில் 2016 மாடல் முதல் வந்த ஹோண்டா சிவிக் கார்களில் கன்டென்சர் கசிவதாகப் புகார்கள் குவிந்தன. 2019-ல் நிறுவனம் அங்கே கன்டென்சருக்கான வாரண்டியை 10 வருடமாக நீட்டியது. முன்பே சொந்தக் காசில் மாற்றியவர்களும் பணத்தைத் திரும்பக் கேட்க முடிந்தது. அந்த நீட்டிப்பு நம் நாட்டுக் கார்களுக்குப் பொருந்தாது. ஆனால் பில் வைத்திருந்தவர்தான் கேட்க முடிந்தது என்பது எங்கேயும் பொருந்தும்.

முள் சிவப்புக்குப் போனபின் ஓட்டுவது

ஏசி கெட்டால் வியர்வையோடு போகும். எஞ்சின் கூலிங் கெட்டால் எஞ்சினே போகும். டெம்பரேச்சர் முள் ஏறிய பிறகும் "இன்னும் நாலு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டுவதைவிடப் பெரிய தவறு இந்த விஷயத்தில் வேறு இல்லை. அலுமினிய சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்துவிடும், ஹெட் கேஸ்கெட் போய்விடும். வாட்டர் பம்ப் பழுதானதற்கு வாரண்டி உண்டு. ஆனால் சூடாகிறது என்று தெரிந்தும் ஓட்டியதால் வந்த சேதத்துக்கு இல்லை என்று மறுப்பார்கள். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடான விவரம் இப்போது பல கார்களின் ஈசியூவிலேயே (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியிலேயே) பதிவாகிவிடலாம். இன்சூரன்ஸும் இயந்திரக் கோளாறை ஏற்காது. இரண்டு பக்கமும் கதவு மூடிக்கொள்ளும்.

செய்ய வேண்டியது சுலபம். ஏசியை அணையுங்கள், ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள், ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். டேஷ்போர்டைப் போட்டோ எடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் தொடவே கூடாது; உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடித்துவிடும். ரோட்சைடு உதவியை அழைத்து டோ செய்யச் சொல்லுங்கள். அழைத்த நேரம் அவர்கள் பதிவில் இருக்கும். உடனே நிறுத்தினேன் என்பதற்கு அதுவே சாட்சி.

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டில் குழாய்த் தண்ணீரை ஊற்றுவது இன்னொரு வழக்கம். நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம். ரேடியேட்டருக்குள் படிந்து பாதையை அடைக்கும், அலுமினியத்தையும் அரிக்கும். அவசரத்துக்கு ஊற்றியே ஆக வேண்டும் என்றால் ஊற்றிவிட்டு, உடனே முழுதாக வடித்து மாற்றச் சொல்லி, அதையும் எழுதி வாங்குங்கள். நிறம் ஒன்றாக இருப்பதால் கூலண்டும் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். நிறத்துக்குப் பொதுவான விதி இல்லை. கையேட்டில் சொன்ன தரத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

வெளி மெக்கானிக், கல் அடி, நீட்டித்த வாரண்டி

வெளியே ஏசி பார்த்தால் வாரண்டி மொத்தமும் போய்விடுமா? இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் போட்ட உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை வைக்கக் கூடாது, வெளியே நடந்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்று சொன்னது. அந்த உத்தரவை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அதனால் அதை மட்டும் நம்பி வாரண்டி உள்ள காரின் ஏசியை வெளியே திறக்காதீர்கள். குறிப்பாக ஹைபிரிட், மின்சாரக் கார்களில். அவற்றின் மின் கம்ப்ரசருக்கு மின்சாரம் கடத்தாத தனி எண்ணெய் வேண்டும்; சாதாரணக் காருக்குப் போடும் எண்ணெயை ஊற்றினால் இன்சுலேஷன் கெட்டு வண்டி ஓடாமலே நின்றுவிடலாம். பல மின்சாரக் கார்களில் பேட்டரியைக் குளிர்விப்பதும் அதே ஏசிதான்.

சாலைக்கல் தெறித்து கன்டென்சர் ஓட்டையானால் அது வாரண்டி அல்ல, இன்சூரன்ஸ். அங்கேயும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1500 சிசி வரையுள்ள காருக்கு 1000 ரூபாயும் அதற்கு மேல் 2000 ரூபாயும் நம் கையிலிருந்து கட்டாயம் போகும், தேய்மானமும் கழிப்பார்கள், கிளைம் போடாததற்காக அடுத்த பிரீமியத்தில் கிடைக்கும் நோ கிளைம் போனஸும் போய்விடும். சின்ன பில்லுக்கு கிளைம் போடுவது நஷ்டமாக முடியலாம். அதே சமயம், கல் பட்ட அடையாளமே இல்லாமல் தையல் ஓரத்தில் எண்ணெய்க் கறையோடு கசியும் கன்டென்சரைக் "கல் அடி" என்று தள்ளிவிட்டால் விடாதீர்கள். கழற்றிய பாகத்தைக் காட்டச் சொல்லி போட்டோ எடுங்கள், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

கம்ப்ரசர் இறுகிப்போய் மாற்றும்போது, உலோகத் தூள் கன்டென்சருக்குள் போயிருக்கும். அதைக் கழுவாமல், தேவைப்பட்டால் மாற்றாமல் புதுக் கம்ப்ரசரை மட்டும் வைத்தால் அதுவும் சீக்கிரம் போகும். கூலிங் காயில் மாற்றிய கார்களில் டேஷ்போர்டு கடகடப்பது உண்டு. வேலை முடிந்ததும் மேடுபள்ளச் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள்.

நீட்டித்த வாரண்டி வாங்குகிறவர்கள், அது கார் நிறுவனம் தருவதா, டீலர் வழியாக வேறு யாரோ தருவதா, ஏசி பாகங்கள் அதில் இருக்கின்றனவா என்று கையெழுத்துப் போடுமுன் பார்க்க வேண்டும். ஒரு சர்வீஸ் தாமதமானாலே செல்லாது என்ற விதி பலவற்றில் உண்டு. பழைய கார் வாங்கினால் அந்த வாரண்டியை உங்கள் பெயருக்கு முறையாக மாற்றியாக வேண்டும்.

எல்லாம் செய்தும் மறுத்தால்

ஏசி மூன்று முறை கெட்டதற்காகப் "புதுக் கார் கொடு" என்று வழக்குப் போட்டுத் தோற்பவர்கள் உண்டு. மாருதி நிறுவனம் தொடர்பான வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரண்டி நிபந்தனைப்படி பழுதான பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றுவதோதான் நிறுவனத்தின் கடமை என்று சொல்லி, முழுக் காரையும் மாற்றித் தரச் சொன்ன உத்தரவை ரத்து செய்தது. அதனால் பாகத்தை மாற்ற வேண்டும், கட்டிய பணம் திரும்ப வேண்டும், அலைச்சலுக்கு இழப்பீடு வேண்டும் என்று கேளுங்கள். உற்பத்திக் குறை என்பதை நிரூபிக்கும் பொறுப்பு பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். அங்கேதான் கிராம் எண்களும், வெப்பநிலை எழுதிய ஜாப் கார்டுகளும் உதவும்.

முதலில் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் புகார். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனம் இருக்கும் டெல்லிக்கோ குர்கானுக்கோ அலைய வேண்டியதில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். காருக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான் கட்டணம் கணக்காகும்: 5 லட்சம் வரை எதுவும் இல்லை, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 400 ரூபாய். சொந்தமாக டாக்சி ஓட்டிப் பிழைப்பவரும் நுகர்வோர்தான். வணிக வண்டி என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்ப முடியாது.

வழக்குப் போடக் கால வரம்பு இரண்டு வருடம். "அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம் சார்" என்று அவர்கள் இழுத்தடிக்கும் மாதங்களும் பொதுவாக அந்த இரண்டு வருடத்துக்குள்தான் கழிகின்றன.