மூன்று சாட்சிகள், ஒரு மரணம்: ‘ஃபயர் அண்ட் பிளட்’ நூலைப் படிக்கும் முறை

நான் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். சாட்சிக் கூண்டில் நிற்பவர் சொல்வதை எழுதி, தட்டச்சு செய்து கொடுப்பது என் வேலை. ‘நேரில் பார்த்தேன்’ என்று தொடங்கிய ஆள், குறுக்கு விசாரணையில் ‘பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்’ என்று இறங்குவதை அடிக்கடி எழுதியிருக்கிறேன். அதனாலோ என்னவோ, ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘ஃபயர் அண்ட் பிளட்’ எனக்கு உயிரான புத்தகம். பாதியில் மூடி வைத்தவர்களும், படித்து முடித்தும் ‘கதை எங்கே?’ என்று கேட்டவர்களும் எனக்குத் தெரிந்தவர்களில் உண்டு. நாவலைப் போலப் படித்தால் அப்படித்தான் இருக்கும். சாட்சியத்தைப் படிப்பது போலப் படித்துப் பாருங்கள்.

முதலில், பேசுவது யார் என்று மனதில் வையுங்கள். 2018-இல் வெளிவந்த இந்த நூலின் அட்டையில் மார்ட்டின் பெயர் இருக்கிறது. ஆனால் உள்ளே எழுதுபவர் கில்டேன். வெஸ்டெரோஸ் என்ற கற்பனை நாட்டில், ஓல்ட்டவுன் நகரத்து சிட்டடல் என்னும் கல்விக்கூடத்தின் ஆர்ச்மேஸ்டர், அதாவது மூத்த அறிஞர்களில் ஒருவர். டார்கேரியன் அரச வம்சத்தின் முதல் ஒன்றரை நூற்றாண்டை அவர் எழுதுகிறார். நடந்த எதையும் அவர் பார்த்ததில்லை. கையில் இருப்பதெல்லாம் முன்னோர் விட்டுப்போன ஏடுகள்தான்.

ஒரு கோடு போட்ட நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கத்தில் சாட்சிகளின் பட்டியல். அக்கா ரெய்னிராவுக்கும் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி ஏகானுக்கும் இடையே மூளும் ‘டிராகன்களின் நடனம்’ என்ற உள்நாட்டுப் போருக்கு முக்கியமாக மூன்று சாட்சிகள். செப்டன் யூஸ்டஸ், அரண்மனையின் மதகுரு; தம்பி ஏகானின் கட்சிப் பக்கம் சாய்வு உள்ளவர். கிராண்ட் மேஸ்டர், அதாவது அரசவையின் தலைமை அறிஞர், மன்குன்; போருக்குப் பின் எழுதியவர். அவர் நம்பியிருப்பது ஆர்வைல் என்ற முந்தைய கிராண்ட் மேஸ்டர் சிறையில் எழுதிய வாக்குமூலத்தை. மூன்றாவது மஷ்ரூம், மூன்றடி உயர அரசவைக் கோமாளி. இவனுக்குப் புத்தி மட்டு என்று நினைத்து, அவன் முன்னால் எல்லோரும் வாய்விட்டுப் பேசினார்கள். பின்னாளில் அவன் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார்.  

ஒவ்வொரு பெயருக்கு நேரே இரண்டு கட்டங்கள் போடுங்கள். ஒன்று: அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தாரா? இன்னொன்று: இப்படிச் சொன்னால் அவருக்கு என்ன லாபம்? இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது. ஏன் என்று லைமன் பீஸ்பரியின் சாவை வைத்துச் சொல்கிறேன்.

வம்சத்தின் முதல் அரசன் முதலாம் ஏகானின் படையெடுப்பிலிருந்து எண்ணும் கணக்கில் 129-ஆம் ஆண்டு. அரசர் விசெரிஸ் இறந்துவிட்டார். அவர் வாரிசாக அறிவித்திருந்தது மகள் ரெய்னிராவை. ராணி அலிசென்ட் சாவுச் செய்தியை மறைத்து, மந்திரிசபையைக் கூட்டுகிறாள். மகன் ஏகானுக்கே முடி என்று பேச்சு போகிறது. கிழவர் பீஸ்பரி, கஜானா பொறுப்பாளர், ஒத்துக்கொள்ள மறுக்கிறார். அப்புறம் அவர் உயிரோடு இல்லை. எப்படிச் செத்தார்? மன்குன் சொல்வது: காவலர்கள் பிடித்துப்போய் இருட்டறையில் அடைத்தார்கள், விசாரணைக்கு முன்பே குளிர் கண்டு இறந்தார். யூஸ்டஸ் சொல்வது: கிரிஸ்டன் கோல் என்ற வீரன் அவரை நாற்காலியில் அமுக்கிக் கழுத்தை அறுத்தான். மஷ்ரூம் சொல்வது: அதே கோல் அவரைப் பிடரியைப் பிடித்துத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்தான், கீழே அகழியில் இருந்த இரும்பு முனைகளில் குத்திச் செத்தார்.

என் அக்கா மகன் இந்த இடத்தில்தான் கேட்டான்: “சித்தி, மூணு பேரும் மூணு விதமா சொன்னா யாரைத்தான் நம்புறது?”

கட்டங்களை நிரப்பச் சொன்னேன். மஷ்ரூம் அப்போது ரெய்னிராவோடு டிராகன்ஸ்டோன் தீவில் இருந்தான். யூஸ்டஸுக்கு மந்திரிசபையில் இடமில்லை. அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர் ஆர்வைல் ஒருவர்தான். அப்படியானால் மன்குன் சொல்வதுதான் உண்மையா? இரண்டாவது கட்டத்தைப் பாருங்கள். மூன்றில் மிக மென்மையான கதை, மன்குன் நம்பிய ஆர்வைலுடையது. தான் உட்கார்ந்திருந்த மேசையில் ரத்தமே சிந்தவில்லை என்கிறது அது. சிறையில் இருந்துகொண்டு, தன் கழுத்துக்கே ஆபத்து உள்ள நேரத்தில் எழுதியவர் வேறு எப்படி எழுதுவார்? நேரில் பார்த்த ஒரே சாட்சி, பொய் சொல்லக் காரணம் உள்ள சாட்சியாகவும் இருக்கிறார். அதேபோல் யூஸ்டஸ் ஏகான் பக்கத்து ஆள். தன் பக்கத்துக்கே கெட்ட பெயர் தரும் ஒரு கொலையை அவர் எழுதியிருக்கிறார் என்பதற்கு எடை அதிகம். என் தீர்ப்பு யூஸ்டஸ் பக்கம். உங்களுடையது வேறாக இருக்கலாம், ஆனால் கட்டங்களை நிரப்பிவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொன்றைத் தனி நிறத்தில் அடிக்கோடிடுங்கள். அந்தப் போரில் முதலில் போன உயிர் பீஸ்பரியுடையது என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாதவர்கள் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது காலூன்ற இடம். நான் பச்சை மை பயன்படுத்துகிறேன். ஐம்பது பக்கத்துக்குப் பச்சையை மட்டும் படித்தாலே போரின் எலும்புக்கூடு கிடைத்துவிடும்.

2022-இல் வந்த ‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ தொடரில் கோல் பீஸ்பரியை அமுக்க, தலை மேசையிலிருந்த கல் உருண்டையில் மோதிச் சாகிறார். இது நான்காவது கதை. தொடரைப் பார்த்து நோட்டைத் திருத்தாதீர்கள்.

மஷ்ரூமைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அவன் சொல்வதெல்லாம் கொச்சை என்று கில்டேன் முகம் சுளிப்பார். நாமும் கூடவே சுளித்துவிடுவோம், அதுதான் ஆபத்து. நாகரிகமாகப் பேசுகிற சாட்சி உண்மை பேசுகிறார் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ரெய்னிராவின் அறைகளில் என்ன பேசப்பட்டது என்பதற்கு மஷ்ரூமை விட நெருக்கமான ஆள் கிடையாது. அங்கே அவனுக்கு முழு மதிப்பு கொடுங்கள். ஆனால் ரெய்னிராவின் மகன் இளவரசன் ஜேசெரிஸ் வடக்கே வின்டர்ஃபெல் போனபோது அவனுடைய டிராகன் வெர்மாக்ஸ் அங்கே முட்டையிட்டது என்றும் அவன் சொல்கிறான். மஷ்ரூம் அங்கே போகவே இல்லை. வெர்மாக்ஸ் முட்டையிட்டதாக வேறு எங்கும் பதிவில்லை என்று கில்டேன் மறுக்கிறார். இங்கே கில்டேன் சொல்வது சரி. ஒரே ஆளை ஒரு விஷயத்தில் நம்பி, இன்னொன்றில் தள்ளலாம்.

சரி, கில்டேனை யார் விசாரிப்பது? இதற்கு முன் ஒரு பயிற்சி. 2014-இல் வந்த ‘தி வேர்ல்ட் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ நூலையும் ஒரு கற்பனை மேஸ்டர்தான் எழுதுகிறார், பெயர் யாண்டெல். சமர்ப்பணப் பக்கத்தைத் திறந்தால் ராபர்ட், ஜாஃப்ரி என்ற அரசர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக அழிக்கப்பட்டு டாமென் பெயர் நிற்கும். ஆட்சி மாற மாற, ஆசிரியரும் மாற்றியிருக்கிறார். டாமெனின் தாய்வழித் தாத்தா டைவின் லானிஸ்டரின் படை தலைநகரைச் சூறையாடியபோது இளவரசி ஈலியாவின் பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள். யாண்டெல் எழுதுவது: யார் கொன்றதென்று தெரியவில்லை, தாயே செய்திருக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். ஆனால் அதே உலகத்தில் நடக்கும் மார்ட்டினின் நாவல்களைப் படித்த நமக்கு உண்மை தெரியும். டைவினின் ஆட்கள் செய்த கொலை அது, கிரெகர் கிளிகேன் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். உண்மை தெரிந்த இடத்தில் பொய் எப்படி எழுதப்படுகிறது என்று இந்தப் பக்கத்தை வரி வரியாகப் பாருங்கள். ‘சிலர் சொல்கிறார்கள்’ வரும் இடத்தைக் குறித்துக்கொண்டு கில்டேனிடம் திரும்புங்கள். அவரும் சிட்டடலின் ஆள். சென்ற முறை டிராகன்களைக் கொன்றது யார் என்று நினைக்கிறாய் என்று, ‘எ ஃபீஸ்ட் ஃபார் குரோஸ்’ நாவலில் சிட்டடலுக்குள்ளிருந்தே மார்வின் என்ற ஆர்ச்மேஸ்டர் கேட்கிறார். டிராகன்கள் எப்படி அழிந்தன என்று கில்டேன் சொல்லும் பகுதிகளை அந்தக் கேள்வியோடு படித்தால் வேறு புத்தகம் படிப்பது போல இருக்கும்.

சில இடங்களில் சாட்சியே இருக்காது. 13-ஆம் ஆண்டில் டோர்ன் நாட்டிலிருந்து வந்த கடிதத்தை முதலாம் ஏகான் படித்தான், எரித்தான், அப்புறம் சமாதானத்துக்குச் சம்மதித்தான். அதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. கில்டேன் ஊகங்களை அடுக்குவார். அந்தப் பக்கத்தில் பச்சை மைக்கு வேலையில்லை. ஊகம் என்று ஓரத்தில் எழுதிவிட்டு நகருங்கள்.

பழக ஒரு வழக்கு தருகிறேன். 120-ஆம் ஆண்டு, ரெய்னிராவின் கணவன் லேனர் வெலாரியன் ஸ்பைஸ்டவுன் சந்தையில் குத்திக் கொல்லப்பட்டான். குத்தியது அவனுடைய நண்பன் கார்ல் கோரி. பொறாமை என்கிறார் யூஸ்டஸ். இளவரசன் டேமன் பணம் கொடுத்துச் செய்வித்தான் என்கிறான் மஷ்ரூம். அதே ஆண்டில் ரெய்னிரா டேமனை மணந்தாள். கட்டங்களை நிரப்புங்கள்.