நெல் கொள்முதல் பதிவைச் சேவைகளாகப் பிரிப்போம்: தொடக்கநிலைச் செய்முறை

தஞ்சாவூர்ப் பக்கம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் விவசாயியின் கையில் சிட்டா (நில உரிமை விவரம்), அடங்கல் (பயிர் விவரம்), ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றின் நகலும் இருக்கும். அதில் உள்ள விவரமெல்லாம் ஏற்கெனவே ஏதோ ஒரு கணினியில் இருப்பவைதான். அந்தக் கணினிகளை ஒன்றையொன்று கேட்கவைப்பதே சேவைசார் கட்டமைப்பு. ஒரு சிறு மாதிரி செய்து பார்ப்போம்.

படி 1: நிரல் எழுதாதீர்கள், கேள்விகளை எழுதுங்கள். நிலம் யாருடையது? இந்தப் பருவத்தில் அங்கே என்ன பயிர்? பணம் எந்தக் கணக்குக்கு? எந்த நாளில் எந்த நிலையத்துக்கு வர வேண்டும்? நான்கு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல ஒரு தனி நிரல், அதாவது நான்கு சேவை. ஒரு சேவை மற்றொன்றின் தரவுத்தளத்தில் கைவைக்கக் கூடாது. கேட்டுத்தான் பெற வேண்டும். எஸ்டோனியாவில் வெவ்வேறு துறைகளின் கணினிகளை இணைக்கும் எக்ஸ்-ரோட் என்ற அமைப்பு 2001 முதல் இப்படித்தான் இயங்குகிறது.

படி 2: ஒப்பந்தம், அதாவது எதைக் கொடுத்தால் எது திரும்பும் என்ற வரையறை. பயிர்ச் சேவைக்கு வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு, பசலி (ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு), பருவம் ஆகியவற்றைக் கொடுங்கள். பயிரும் பரப்பும் திரும்பட்டும். ஆண்டு என்று மட்டும் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். சம்பா நடுவில் ஆங்கில ஆண்டு மாறிவிடும். ஜூனில் விதைத்த குறுவைக்கு ஜூலை 1 அன்று பசலியே மாறிவிடும். ஆகவே குறுவைக்கு எந்தப் பசலி என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பரப்பு ஹெக்டேரில் மட்டும். விவசாயி "மூன்று மா" என்பார், ஏறத்தாழ ஒரு ஏக்கர். அந்தக் கணக்கைத் திரை போடட்டும்.

படி 3: சேவைகள் பேசிக்கொள்ள ரெஸ்ட் (REST, இணைய முகவரி வழியே கேட்கும் முறை), ஜேசன் (JSON, தரவை எழுதும் எளிய உரை வடிவம்) போதும். பழைய அமைப்பு சோப்பில் (SOAP என்ற பழைய செய்தி முறையில்) பேசினால் இடையில் ஒரு மாற்றி வையுங்கள்.

படி 4: மழைநாளில் இணையம் அறுந்தால் பொத்தானை இரண்டு முறை அழுத்துவார்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனி எண் கொடுங்கள். அதே எண் மீண்டும் வந்தால் பழைய பதிலையே அனுப்புங்கள். நிலச் சேவை பதிலளிக்காவிட்டால் விண்ணப்பத்தை நிராகரிக்காதீர்கள், "சரிபார்ப்பு நிலுவை" என்று பதிந்து, அவர் நிலையத்துக்கு வர வேண்டிய தேதியை ஒதுக்குங்கள். நனைந்த நெல் முளைத்துவிடும், சர்வருக்காகக் காத்திருக்காது.

படி 5: கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவரின் விவரத்தைக் கொடுத்துச் சோதியுங்கள். சிட்டாவில் அவர் பெயர் இருக்காது. மாதிரி அவரைத் திருப்பி அனுப்பிவிடும். பிழை நிரலில் இல்லை, நாம் எழுதிய முதல் கேள்வியில் இருக்கிறது. "யார் சாகுபடி செய்கிறார்?" என்று அதை மாற்றி, இரண்டாம் பதிப்பாக வெளியிடுங்கள். முதல் பதிப்பை நம்பியிருக்கும் சேவைகளுக்காக அதுவும் சில காலம் ஓடட்டும்.